போய்ச் சேர்ந்தவள்

"மூத்தவளும் இப்படித்தான் ஜன்னலே கதின்னு நிப்பா. என்ன ஆச்சு? போய்ச் சேர்ந்துட்டா."

பால் பொங்கிடுச்சு என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். செத்துப்போன மருமகளைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு துளி வருத்தம் வேண்டாமா? ம்ஹூம்.

இளையவள் இரண்டாம் தாரமாக வந்தவள். முதல் மனைவி உயிரோடு இல்லை என்று மாப்பிள்ளை சொன்னான். எப்படிச் செத்தாள் என்று தரகரும் கேட்கவில்லை, பெற்ற அப்பாவும் கேட்கவில்லை. கேட்டால் சம்பந்தம் கைநழுவிப் போய்விடுமே!

அவனுக்குப் பூட்டு, சாவி வேலை. கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. யார் வீட்டுப் பூட்டு மக்கர் பண்ணினாலும் ஓடிப்போய்த் திறந்து கொடுக்கிற தங்கமான மனுஷன். தன் வீட்டுப் பூட்டை மட்டும் திறக்க மாட்டான். காலையில் கிளம்பும்போது வாசல் கதவை வெளிப்பக்கம் பூட்டுவான். கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு. அவளுடைய செருப்பு இரும்புப் பெட்டிக்குள், பெட்டிக்கும் பூட்டு. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவளுக்குச் செருப்பு எதுக்கு என்பான். ஒரு தடவை எதிர்த்துப் பேசினாள். அவன் முறுக்கியதில் மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறாமல் கிடந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டு அழுதாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா," என்றார் அவர். அன்று சாயங்காலமே போன் டயலுக்கும் ஒரு பூட்டு வந்து தொங்கியது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போன் வரும், இங்கிருந்து போகாது. மத்தியானங்களில் எப்போதாவது மணி அடிக்கும். மாமியார் எடுத்து, "ம்... ம்..." என்று வெகுநேரம் கேட்பாள். யார் என்று கேட்டால் ராங் நம்பர் என்பாள். ராங் நம்பருக்கு எதற்கு இத்தனை 'ம்'?

ஒருநாள் கொல்லைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கதவடியில் ஒரு ஜோடிச் செருப்பு. பழைய காலத்து வார். ஆனால் அடியில் தேய்மானமே இல்லை. காலை நுழைத்துக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான் பாக்கி என்பது போல, கதவைப் பார்த்து இருந்தது.

எடுத்துப் பழைய துணி மூட்டைக்கு அடியில் திணித்தாள். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் அதே ஜோடி. பகலில் வீட்டில் இருப்பது இரண்டே பேர். மாமியாரோ மூட்டுவலி என்று கட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வம்.

"கொல்லைக் கதவுகிட்ட யாரோட செருப்பு அத்தை?"

மாமியார் தையலை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"மூத்தவ வெறுங்காலோட போய்ச் சேர்ந்தா. உனக்காவது இருக்கட்டும்."

அன்று முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அடுத்தது நான்தான், அம்மாவும் பிள்ளையும் நாள் குறித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும் தெரியுமா? தைரியமாகிவிடும். சாகத்தான் போகிறோம், நாலு சுவருக்குள் ஏன் சாக வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் அவன் கடைக்குப் போனதும் கொல்லைக்கு வந்தாள். கதவில் பூட்டு வாயைப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழே செருப்பு.

"அக்கா, நீதானா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள். செருப்பில் காலை நுழைத்தாள். அவளுக்கென்றே அளவெடுத்தது போலப் பொருந்தியது.

பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். திரும்பினாள்.

கட்டிலை விட்டு இறங்காத மாமியார், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் வளைந்துபோன ஒரு கொண்டை ஊசி.

"கடைத்தெருப் பக்கம் போகாதே, சந்து வழியா போ," என்று பஸ் காசைக் கையில் திணித்தாள். "பஸ்ஸுல கடைசி ஸ்டாப்பு. இறங்கினா எதிர்லயே ஒரு தையல் கடை."

"அங்க... அங்க யாரு அத்தை?"

"போய்ச் சேர்ந்தவ."

அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

கடைசி ஸ்டாப்பில் தையல் கடை இருந்தது. மெஷினில் குனிந்திருந்தவள் முதலில் பார்த்தது இவள் முகத்தை இல்லை, காலைத்தான்.

"அத்தையோட செருப்பாச்சே! என்னையும் போட்டுக்கச் சொன்னாங்க. நான்தான் பயத்துல வெறுங்காலோட ஓடி வந்துட்டேன். நான் மூத்தவ. உக்காரும்மா."

"நீங்க... செத்துட்டீங்கன்னு..."

"பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு சொன்னா அவர் மானம் என்ன ஆகிறது? அதனால செத்துட்டேன்னு சொல்லிட்டார். அத்தை என்னைக்காவது அப்படிச் சொன்னாங்களா?"

இளையவள் யோசித்துப் பார்த்தாள். இல்லைதான். மூத்தவள் அதற்குள் போனைச் சுழற்றியிருந்தாள்.

"அத்தை, ராங் நம்பர் பேசறேன். இளையவளும் நல்லபடியா வந்து சேர்ந்துட்டா."

இளையவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "அத்தை, உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே. அது உங்க செருப்பு. ஒருநாள்கூடப் போடலையா? நீங்களும் வந்துடுங்க அத்தை."

அந்தப் பக்கம் மாமியார் தையல் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம்.

"உன் மாமனாரும் பூட்டுக்காரர்தாம்மா. அப்பவே வாங்கி ஒளிச்சு வெச்சேன், தைரியம் வரலை. இப்ப வந்திருக்கு. ஆனா நானும் வந்துட்டா, இவன் அடுத்து ஒருத்தியைக் கட்டிக்கிட்டு வருவானே... அவளுக்கு யாரு கதவைத் திறந்துவிடுறது?"