படம் சொன்ன வயசு

ஸ்கேன் படத்தைப் பார்த்தே ஆளின் வயசைச் சொல்லிவிடுவார் அந்த டாக்டர். அப்புறம்தான் கவரைத் திருப்பிப் பார்ப்பார். இதுவரை பெரிதாகத் தவறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"சார், இதுக்குச் சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒரு படத்தை விளக்குப் பெட்டியில் செருகினாள் ஸ்கேன் எடுக்கும் பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்னம்மா, லிஃப்ட் மறுபடியும் ரிப்பேரா? ஒரு மாடி ஏறுறதுக்குள்ள இந்த இரைப்பு! இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உடம்பே வளையாது."

அவள் சிரித்துவைத்தாள்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நுரையீரல் முழுக்கத் தழும்பு. எழுபத்தஞ்சுக்குக் குறையாது. வைரஸ் காய்ச்சல் வந்து போயிருக்கும். கிருமி போயிடுச்சு, ஆனா செல்லெல்லாம் கிழடுதட்டிப் போச்சு. அதுங்க சாகவும் மாட்டேங்குது, வேலையும் செய்ய மாட்டேங்குது. பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துக் கெடுக்குது."

"சரியாயிடுமா சார்?"

"இந்த வயசுக்கு மேல என்னத்தச் சரியாகுறது? வாழ்ந்து முடிச்ச கட்டை. வீட்டுல இருக்கிறவங்ககிட்ட பக்குவமா சொல்லிடு."

கவரைத் திருப்பினார். வயது இருபத்தொன்பது.

"கவரை மாத்திப் போட்டுட்டியேம்மா!" என்று அலுத்துக்கொண்டவரின் கண் பெயரில் விழுந்தது. தினமும் நூறு தடவை அவர் கூப்பிடுகிற பெயர்.

"மாத்தல சார். போன வருஷம் காய்ச்சல்னு பத்து நாள் லீவு போட்டேனே..." அவள் படத்தைக் கழற்றிக் கவருக்குள் போட்டாள். "வீட்டுல இருக்கிறது என் மூணு வயசுப் பொண்ணு மட்டும்தான். அவகிட்ட எப்படி சார் பக்குவமா சொல்றது?"