மூலத்தில் இல்லாத கதவு

ஸ்கொட்லாந்தில் எங்கோ இருநூறு வருடத்துக்கும் மேல் பழைய பாதிரியார் இல்லமொன்றைத் திருத்துகிறார்கள். அதன் பழைய வரைபடங்களைக் கணினியில் திரும்பக் கீறிக் கொடுப்பது, மெல்பேர்னில், கிரான்பர்னில் வாடகை அறையொன்றில் இருக்கும் அமலதாசனின் வேலை. அவனுடைய விசா இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

1790ஆம் ஆண்டு வரைபடத்தில் ஒரு சிறிய அறை. ஒரு கதவு, ஒரு யன்னல், சரிவாக வெட்டிய ஒரு மூலை. அவனுடைய அறைக்கும் அப்படியொரு மூலை இருந்தது. தன் அறையைச் சும்மா அளந்து பார்த்தான். வரைபடத்தின் அளவுக்கு ஓர் அங்குலமும் பிசகவில்லை.

1824ஆம் ஆண்டு வரைபடத்தில், பக்கத்தில் புதிதாகக் கட்டி, யன்னலை அடைத்திருந்தார்கள். அவனும் கணினியில் யன்னலை அழித்துச் சுவராக்கினான். அவன் இருந்த அறை இருட்டிவிட்டது. மெல்பேர்ன் மழைதானே என்று, திரும்பிப் பாராமல் லைற்றைப் போட்டான்.

1871ஆம் ஆண்டு வரைபடத்தில் கதவும் இல்லை. அதை அழிக்க மனம் வராமல் அப்படியே அனுப்பினான். பத்து நிமிடத்தில் மேலாளரின் பதில் வந்தது: “மூலத்தில் இல்லாத கதவை உடனே எடுக்கவும்.”

வீட்டுக்கார யசிந்தா அன்ரி குசினியிலிருந்து கூப்பிட்டார். “தம்பி, தேத்தண்ணி ஆறுது.”

“ஓம் அன்ரி, இதை அனுப்பிப்போட்டு வாறன்.”

கதவை அழித்து அனுப்பினான்.

அன்ரியின் செருப்புச் சத்தம் கிட்ட வந்தது, தாண்டிப் போனது, திரும்பி வந்து நின்றது.

“தம்பி, எங்கையப்பா நிக்கிறாய்?”

அவருடைய கை சுவரைத் தடவிக்கொண்டே போவது அவனுக்குக் கேட்டது.