பழகிக்கொண்ட மவுஸ்

ஒரு மேசைமேல் மவுஸும் கீபோர்டும் குடியிருந்தன. கணினிக்குச் சொந்தக்காரர் ஒருநாள் திரையில் இருந்த பழைய டெஸ்க்டாப் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாக வந்த ஒன்றைப் போட்டார். மவுஸ் வழக்கம்போல மெனுவைத் தேடி இடது கீழ்மூலைக்கு ஓடியது. அங்கே ஒன்றுமே இல்லை.

"இதெல்லாம் ஒரு டெஸ்க்டாப்பா? இனி எனக்கு இங்கே வேலையே இல்லை போலிருக்கு," என்றது மவுஸ்.

"கொஞ்ச நாள் இருந்து பாருங்கண்ணே. ஓப்பன் சோர்ஸ்தானே, பிடிக்காததை மாத்திக்கலாம்," என்றது கீபோர்டு.

மவுஸ் அரைமனதாகச் சம்மதித்தது. முதலில் மெனுவை மட்டும் பழைய மூலைக்குக் கொண்டுவந்தது. பிறகு மேலே இருந்த பட்டையைக் கீழே இழுத்துவிட்டது. பட்டன்களுக்குப் பழைய நிறத்தைக் கொடுத்தது. கடைசியில் பழைய மலைப் படத்தையே பின்னணியில் மாட்டியது. அதன்பிறகு அதற்கு ஒரு குறையும் இல்லை.

எப்போதாவது வந்துபோகும் பென்டிரைவ் ஒருநாள் திரையைப் பார்த்தது. "இன்னுமா அந்தப் பழைய டெஸ்க்டாப்பை வச்சிருக்கீங்க?" என்று கேட்டது.

மவுஸுக்குச் சுருக்கென்றது.

"நல்லாப் பாரு தம்பி, இது புதுசு. சில பேர்தான் மாற மாட்டேன்னு அடம்பிடிப்பாங்க. நான் சட்டுனு பழகிட்டேன்."