பிளீச்சிங் பவுடர்

"யாரைக் கேட்டு பிளீச்சிங் பவுடரைக் கொட்டினீங்க?"

"நாறிச்சும்மா. நாறினா கொட்டாம…"

"ஐயோ, அந்த நாத்தம்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்! எத்தனை வாட்டி சொன்னேன்?"

"சொன்னீங்க. கிருமிக்கு வெல்லம் ஊட்டற டாக்டரம்மான்னு ஊரே சிரிக்குது, நான் எதைன்னு நம்பறது?"

ஆராய்ச்சியாளர் வத்சலா கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டார். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி மஞ்சளாகிப்போன கிணறு அது; எதிரே நின்ற முனிரத்தினத்துடையது. விஷத்தை முறிக்கும் நுண்ணுயிர்களை அதில் விட்டு, வெல்லம் கரைத்து ஊற்றி, இரண்டு வருடமாக வளர்த்து வந்தார். போன மாதம்தான் தண்ணீர் தெளிந்தது. இன்று அவர் கையிலிருந்த பாட்டிலில் மறுபடி மஞ்சள். இந்த மாதத்தோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்ள மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வராம்மா. தண்ணிதான் தெளிஞ்சிடுச்சே, நாத்தமும் போயிட்டா நம்ம கிணத்துலயே குடிப்பாளேன்னு…"

"நான் வளர்த்த கிருமி எல்லாம் செத்துப்போச்சுங்க."

வத்சலா பாட்டிலை மூடினார். மூடியது போதாதென்று இன்னொரு முறை திருகினார். முனிரத்தினம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தயிருக்கு உறை ஊத்தறாப்பல, உங்ககிட்ட ஒரு கரண்டி மிச்சமிருக்குமாம்மா?"