பதக்கத்துக்குப் பொருத்தமானவர்

மார்ச் 14. பதக்கத்தைக் குத்தும்போது அண்ணனின் சட்டையைக் கொஞ்சம் கிழித்துவிட்டேன். என் தப்புதான்.

அண்ணன் என்றால் பக்கத்து மெஷின்காரர். எங்கள் ஆலையின் ஆண்டு விழா மேடையில் எனக்குக் கொடுத்ததை அங்கேயே அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"வருஷம் பூரா பாடுபட்டு வாங்கினியேடா. எனக்கு எதுக்கு?"

"என்னைவிட உங்களுக்குத்தாண்ணே பொருத்தம்."

மேலாளர் கை தட்டினார். "தம்பிக்கு என்ன மனசு பாருங்க. பத்திரிகைக்கு ஒரு போட்டோ எடுத்துடலாம். பதக்கத்தைக் கையில பிடிச்சுக் காட்டுப்பா."

அண்ணன் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். இரண்டு விரல்கள் இல்லை.

மேலாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தக் கை வேணாம்பா. இடது கையில பிடி."



போன மாதம் என் கண்ணெதிரே மெஷினில் போன விரல்கள் அவை. வீட்டுக் கதவில் நசுங்கியதாக அண்ணனிடம் கையெழுத்து வாங்கியவர் இந்த மேலாளர்தான். பதக்கத்தில் பொறித்திருந்தது: "விபத்தே நடக்காத ஆண்டு."

மேடையிலிருந்து இறங்கும்போது, "தொழிலாளர் அதிகாரிகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்ணே," என்றேன். "வேலை போயிடுமேடா," என்றார் அண்ணன். பிறகு அவரே, "எத்தனை மணிக்குப் போகலாம்?" என்றார்.

மேடையில் நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

நாளை: நான் படிக்கும் மாலை வகுப்புக்கு விடுப்பு. அண்ணனுடன் தொழிலாளர் அதிகாரியைப் பார்க்க வேண்டும்.