எதிர் வேட்பாளர்

"தேவிக்கு மட்டும் போட்டுடாதீங்கப்பா. கால்ல வேணா வுழறேன்."

கேன்டீன் வாசலில் சந்தியா இப்படி ஒவ்வொருத்தரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தூணுக்கு இந்தப் பக்கம் டீ கிளாஸோடு நின்ற தேவிப்ரியாவின் காதில் அது நன்றாகவே விழுந்தது.

"பாத்தியா விமல்? மூணு வருஷமா என் டிபன் பாக்ஸ்ல கைய வெச்சித் தின்னவ. இப்ப கருட சேவையில பெருமாளக் கும்பிடற மாதிரி வழியில வர்றவங்களையெல்லாம் கும்பிட்டுக்கினு இருக்கா, என்னைக் கவுக்கறதுக்கு!"

"வுடுப்பா, வயித்தெரிச்சல்," என்றான் விமல்ராஜ்.

கல்லூரி வேலைவாய்ப்பு மன்றத்தில் இந்த வருஷம் புதிதாக நலச் செயலாளர் என்று ஒரு பதவி வந்திருந்தது. இன்டர்வியூ என்றாலே வயிறு கலங்கும் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லும் வேலை. மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவசகாயம் சாரின் அறையே கதியென்று கிடக்கும் விமல்ராஜ்தான் சேதியைக் கொண்டுவந்தான். "உன் நல்ல மனசுக்கு நீதாம்பா நிக்கணும், ஓட்ட நான் பாத்துக்கறேன்" என்று அவளை நிறுத்தியவனும் அவன்தான்.

தேவிப்ரியாவுக்கு அடுத்தவர் வயிறு கலங்கினால் என்ன, கலங்காவிட்டால் என்ன. பயோடேட்டாவில் ஒரு வரி கூடுமே என்று சம்மதித்தாள்.

அவளுக்குப் பொறுக்காதது சந்தியாவும் நிற்பதுதான். போன மாதமே ஒரகடத்துக் கார் கம்பெனி சந்தியாவை எடுத்துக்கொண்டது. அதே இன்டர்வியூவில் வகுப்புக்கே முதல் மார்க் வாங்கும் தேவிப்ரியாவைக் கழித்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது, போன் நம்பரும் பிளாக்.

"வேலைதான் கெடச்சிடுச்சே, அப்புறம் இன்னாத்துக்கு இவளுக்கு மன்றம்? மகாராணிக்குப் பட்டம் வேற கட்டணுமா?"

விமல்ராஜ் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

தேவிப்ரியாவுக்கு மிச்சம் இருந்தது இந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான். சென்னையிலிருந்து பெரிய கம்பெனி வருகிறது, ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்கும். இதுவும் போனால் வாலாஜாபாத் ரைஸ்மில்காரர் மகனுக்குத் தட்டு மாற்றிவிடுவேன் என்று தென்னேரியில் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஓட்டுக்காக அவள் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்காக இங்கிலீஷில் தங்களைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தேடிவந்து "எங்க ஓட்டு உனக்குத்தான்" என்றார்கள். வருஷம் பூராவும் முகம் கொடுத்துப் பேசாத துர்காகூட பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தாள்.

"இன்னா துர்கா, திடீர்ப் பாசம்?"

"நீதாம்மா ஜெயிக்கணும். நீ ஜெயிச்சாதான் எங்களுக்கெல்லாம் நல்லது!"

தேவிப்ரியா மகாராஜன் பல்லக்கில் சாய்வதுபோல ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சந்தியா வழியை மறித்தாள்.

"தேவி, ஒரு நிமிஷம் கேளுடி. அந்தப் பதவியில நீ ஜெயிச்சா..."

"ஜெயிப்பேன். அத நீ வந்து சொல்லணுமா?"

"அது இல்லடி, வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமை எனக்கும் வேலை கெடச்சிடும்னு வயிறு எரியுதா? தள்ளு. போயி இன்னும் நாலு பேரு கால்ல வுழு, போ!"

பஸ் வந்தது. சந்தியா ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். தேவிப்ரியா கண்ணாடியை இழுத்து மூடினாள்.

மறுநாள் மத்தியானம் ஓட்டெடுப்பு. தேவசகாயம் சார் சீட்டுகளைப் பிரித்துப் பிரித்து மேஜையில் வைத்தார். சந்தியாவுக்கு ஒரே ஒரு ஓட்டு. மற்றதெல்லாம் தேவிப்ரியாவுக்கு.

"அந்த ஒண்ணும் அவளே போட்டுக்கினதுதான்!" என்றாள் தேவிப்ரியா, கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கும்படி. வகுப்பே கொல்லென்று சிரித்தது. சந்தியா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"கங்கிராட்ஸ்மா," என்றார் சார். "நாளைக்குக் காலையிலேர்ந்தே உன் டூட்டி ஆரம்பம். ரூம் வாசல்ல நின்னுக்கினு உள்ள போற புள்ளைங்களுக்குத் தண்ணி குடு, ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லு. கடைசி ஆள் வெளிய வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

"சரிங்க சார். நான் எப்ப சார் உள்ள போறது?"

"நீ எங்கம்மா போறது? இன்டர்வியூவ நடத்தற பொறுப்புல இருக்கறவங்க அதுல உக்கார முடியாது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னு விமல்ராஜ் சொன்னானே?"

அவள் திரும்பினாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விமல்ராஜ் அதற்குள் மாடிப்படி இறங்கியிருந்தான்.

"அப்ப எனக்கு இந்தப் பதவி வேணாம் சார்!"

"ஜெயிச்சிட்டு வேணாம்னு சொன்னா மன்றத்துலேர்ந்தே பேரு போயிடும்மா. மன்றத்துல இல்லாதவங்களுக்கு இன்டர்வியூவே கிடையாது," என்று சொல்லிவிட்டு சார் வெளியே போனார்.

பின்னாலேயே வகுப்பும் சத்தமில்லாமல் காலியானது. சந்தியா மட்டும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"உனக்கும் இது முன்னாடியே தெரியுமாடி?" தேவிப்ரியா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதனாலதாண்டி நான் நின்னேன்."