ஈர்க்குக்குத் தெரியாதது

ஃபிட்டர் டாக்ஸி இஞ்சினின் முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் ஒரு தென்னை ஈர்க்கை விட்டார். மருதமுத்து மாமா முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றினார். உள்ளே பிஸ்டன் ஏற ஏற ஈர்க்கும் ஏறியது.

"நிறுத்துங்க. டாப் வந்துடுச்சு."

மருதமுத்து மாமா என் வீட்டுக்காரரின் அண்ணன். நேற்றுத்தான் என் வீட்டுக்காரருக்குக் கருமாதி முடிந்தது. இன்று அவருடைய டாக்ஸியைத் தெங்கேராவிலிருக்கும் தன் வீட்டுக்கு ஓட்டிப் போக வந்து நிற்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம், வேறென்ன?

லைசென்ஸ் என்னிடமும் இருக்கிறது. என் வீட்டுக்காரரே ஓட்டக் கற்றுக்கொடுத்து எடுத்துத் தந்தது. நானே ஓட்டிப் பிழைத்துக்கொள்கிறேன் என்றேன். பொம்பளை டாக்ஸி ஓட்டினால் ஊர் சிரிக்குமாம்.

எங்கள் காஜா பெராங் தெரு முழுக்க மெர்டேக்காக் கொடி, சுதந்திரக் கொண்டாட்டம். எல்லாருக்கும் சொந்த நாடு வந்தாச்சு, எனக்கு மட்டும் சொந்த வண்டி கூடாதாம்!

முந்தாநாள் கருமாதிச் சாமான் வாங்க மாமாவேதான் இதை ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்கு ஓட்டிப் போனார். நன்றாக ஓடிய வண்டி. இன்று காலையில் கிளம்பவே மாட்டேன் என்றது. அதனால்தான் ஃபிட்டர்.

என் மாமியார் சாரதாம்பாள் வாசல்படியில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூத்த மகனைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனவன் போனான், இருக்கிற பிள்ளைதானே அவருக்குப் பெரிது.

ஃபிட்டர் பொறி விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிளக்கை மாட்டினார். மாமா ஹேண்டிலைப் போட்டு ஓங்கிச் சுற்றினார்.

டப்! புகைக்குழாய் ஒரு தடவை வெடித்தது. பிறகு ஒரு இருமல். அவ்வளவுதான்.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.

பிஸ்டன் இரண்டு தடவை டாப்புக்கு வரும். ஒரு தடவை காற்றை அழுத்திக்கொண்டு வரும். அப்போதுதான் பிளக்கில் பொறி விழ வேண்டும். இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளிவிட்டுச் சும்மா வரும். ஈர்க்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் பிளக் வயர்களை எதிரெதிராக மாட்டி, சும்மா வருகிற டாப்பில் பொறியை விட்டுவிட்டார். இதே டப், இதே இருமல். எந்த வயர் எங்கே போனது என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஃபிட்டர் சரி பண்ணியிருப்பார், வண்டி தெங்கேராவுக்குப் போயிருக்கும். நான் ஏன் சொல்கிறேன்? நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"டாப்பும் சரி, பொறியும் சரி. இஞ்சினே போயிடுச்சு," என்று ஃபிட்டர் கையைத் துடைத்தார்.

"அப்போ வண்டி எனக்குத்தானே, மாமா?" தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டேன்.

"வெச்சுக்க! இந்தச் செத்த காடியைக் கட்டிக்கிட்டு அழு!"

மலாய் மட்டுமே பேசும் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா வெளியே வந்து, "சுடா மாத்தி?" என்றார். செத்துப்போச்சா என்று கேட்கிறார். ஆமாம் என்று மாமாவே அவருக்குப் பதில் சொன்னார். நல்லது, சாட்சியும் ஆச்சு.

மாமாவும் ஃபிட்டரும் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்தேன். ஹேண்டிலைச் சுற்ற ஆள் வேண்டுமே என்று நிமிர்ந்தால், மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்து நிற்கிறார். நான் கூப்பிடவே இல்லை.

சுற்றினார். பிஸ்டன் ஏறியது, விரலில் ஒன்றும் இல்லை. சும்மா வருகிற டாப்.

மறுபடி சுற்றினார். காற்று விரலைத் தூக்கி எறிந்தது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டியவர் இல்லையே என்று அழுகை பொங்கி வந்தது. அழுதுகொண்டே வயர்களைப் பார்த்தேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு, இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

வயர் தானாக இடம் மாறுமா?

"எந்தப் பாவி மாத்தினான்?" என்று கத்திவிட்டேன்.

மாமியார் ஹேண்டிலை விடவில்லை.

"நான்தான். ராத்திரி நீ அசந்த நேரத்துல மாத்தினேன். எம்புள்ள அன்னிக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் காட்டினானே, மறந்துடுமா? அழுதது போதும், சரியா மாட்டு. பெரியவன் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நின்னுக்கிட்டிருப்பான். இந்த வண்டிச் சத்தம் அவன் காதுல விழணும்."